காகிதம் எழுந்து நின்ற கதை

1880-களில் அமெரிக்காவில் ஓர் இரும்பு வியாபாரிக்கோ காப்பீட்டுக் கம்பெனிக்கோ தபாலில் கடிதம் வந்தால், படித்து முடித்ததும் குமாஸ்தா முதலில் செய்கிற காரியம் அதை மடிப்பது. அகலம் குறைந்த பட்டையாக மடித்து, வெளியே தெரியும் முதுகில் அனுப்பியவர் பெயர், தேதி, இரண்டு வார்த்தையில் விஷயம் ஆகியவற்றை எழுதுவார். பிறகு, தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிற அலமாரியில் இருப்பது போன்ற சதுரப் பொந்துகளில் ஒன்றில் செருகி வைப்பார். பொந்து நிரம்பியதும் எல்லாவற்றையும் உருவி, நாடா போட்டுக் கட்டி, பரணுக்கோ நிலவறைக்கோ அனுப்பிவிடுவார்கள்.

பதில் கடிதம் போகிற வழி வேறு. அதைத் தனி மசியால் எழுதுவார்கள். மெல்லிய டிஷ்யூ தாள்களால் தைத்த தடிமனான புத்தகம் ஒன்று இருக்கும். அதில் ஒரு தாளை ஈரமாக்கி, எழுதிய கடிதத்தை அதன்மேல் வைத்து, புத்தகத்தை மூடி, இரும்புத் திருகு பிரஸ்ஸில் வைத்து இறுக்கினால் மசி கொஞ்சம் அந்தத் தாளில் இறங்கும். எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பிப் பதியும். தாள் மெல்லியது என்பதால் மறுபக்கமிருந்து நேராகப் படித்துவிடலாம். நீராவி எந்திரத்தோடு சேர்த்துப் பள்ளியில் நாம் படித்த ஜேம்ஸ் வாட்தான் 1780-ல் இந்த நகல் முறைக்குக் காப்புரிமை வாங்கியவர். நூறு வருஷத்துக்கு மேல் உலகத்தின் வியாபாரக் கடிதங்கள் இப்படித்தான் நகல் எடுக்கப்பட்டன.

இப்போது சிக்கலைப் பாருங்கள். ஒரு வாடிக்கையாளருடன் இரண்டு வருஷமாகப் பாக்கித் தகராறு நடக்கிறது. என்ன பேசினோம், அவர் என்ன ஒப்புக்கொண்டார் என்று முதலாளி கேட்கிறார். வாடிக்கையாளர் எழுதியது பொந்திலோ பரணில் உள்ள கட்டிலோ மடிந்து கிடக்கிறது. நாம் எழுதியது நகல் புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகம் தேதி வாரியானது. அன்றைக்கு ஊரில் யார் யாருக்கு எழுதினோமோ அவ்வளவும் வரிசையாக வரும். முன்பக்கத்தில் பெயர்ப் பட்டியல் ஒன்று உண்டு, ஆனால் அதையும் குமாஸ்தா ஒழுங்காக எழுதியிருக்க வேண்டும். ஒரு பக்கம் மடித்த கடிதங்களை ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டு, மறுபக்கம் டிஷ்யூ தாள்களைப் புரட்டிக்கொண்டு, நடுவில் நின்று கதையை ஒட்டவைக்க வேண்டும். கேள்வி ஓரிடம், பதில் ஓரிடம். எது எங்கே இருக்கிறது என்பது முப்பது வருஷ சர்வீஸ் உள்ள ஒரு தலைமைக் குமாஸ்தாவின் மண்டையில் மட்டும் இருக்கும். அவர் காய்ச்சலில் படுத்தால் கம்பெனிக்கு ஞாபக மறதி வந்துவிடும்.

கம்பெனி சிறியதாக இருந்தவரை இது ஓடியது. ஒரு முதலாளி, இரண்டு குமாஸ்தா, நாளைக்குப் பத்துக் கடிதம் என்றால் எந்த முறையும் நல்ல முறைதான். நிலைமையை மாற்றியது ரயில். 1841 அக்டோபரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வெஸ்டர்ன் ரெயில்ரோட் கம்பெனியின் இரண்டு பயணி ரயில்கள் ஒற்றைத் தண்டவாளத்தில் நேருக்கு நேர் மோதின. விசாரித்துப் பார்த்தபோது, யார் யாருக்கு என்ன உத்தரவு கொடுத்தார்கள் என்பதே தெளிவாக இல்லை. அதன் பிறகுதான் யார் பொறுப்பு, யார் யாருக்கு எழுத்தில் அறிக்கை தர வேண்டும் என்றெல்லாம் அந்தக் கம்பெனி வகுத்து வைத்தது. மற்ற ரயில் கம்பெனிகளும் அந்த வழிக்கு வந்தன. நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இருக்கிற ஆளை வாய்ப்பேச்சால் நடத்த முடியாது. காகிதத்தால்தான் நடத்த முடியும். ரயில்களைத் தொடர்ந்து பெரிய ஆலைகளும் காகிதத்துக்கு மாறின. 1874-ல் ரெமிங்டன் கம்பெனி தட்டச்சு எந்திரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. எழுதுகிற வேகம் கூடியது. எழுதியதை வைக்கிற இடம் மட்டும் அந்தப் பழைய பொந்துதான்.

இதற்கு முதலில் வந்த பதில், எதிர்பார்க்கக்கூடியபடி, இன்னும் நிறையப் பொந்துகள். அதே 1874-ல் இண்டியானாபொலிஸ் நகரத்து வில்லியம் வூட்டன் ஒரு மேசைக்குக் காப்புரிமை வாங்கினார். மூடியிருக்கும்போது அது நம் வீட்டு மர பீரோ மாதிரி நிற்கும். பூட்டைத் திறந்து இரண்டு கதவையும் விரித்தால் நடுவில் எழுதும் பலகை, சுற்றிலும் நூற்றுக்கு மேற்பட்ட அறைகள், தட்டுகள், குட்டி இழுப்பறைகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம், எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். அமெரிக்க ஜனாதிபதி கிராண்ட் ஒன்று வைத்திருந்தார். படத்தில் பார்த்தால் இன்றைக்கும் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அது ஒழுங்கின் தோற்றம் மட்டுமே. நூறு அறை இருந்தால் நூறு முடிவு எடுக்க வேண்டும், அந்த நூறையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்து மேசைக்காரருக்கு அது விளங்கவே விளங்காது. ராத்திரி எஜமானர் பூட்டிக்கொண்டு போனால் கம்பெனியின் பாதி விவரம் பூட்டுக்குள் போய்விடும். இன்று நாற்பது ஃபோல்டர் உண்டாக்கி, நிறம் கொடுத்து, ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு அதிலேயே நிறைவு காண்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வூட்டன் மேசை ஞாபகம் வரும்.

வேறு சிலர் துளை போட்டுக் கோத்தார்கள். நம் மளிகைக் கடைகளில் பில்லைக் குத்திவைக்கும் கம்பியைப் போல அங்கேயும் மேசைமேல் முள் உண்டு. அதை நாகரிகப்படுத்தி, இரட்டை வளைவுக் கம்பியில் கடிதங்களைக் கோத்து அகர வரிசையில் வைக்கிற ஷானன் ஃபைல் அமெரிக்காவில் வந்தது. ஜெர்மனியில் பான் நகரத்து ஃபிரீட்ரிக் சோனெக்கன் 1886-ல் துளை போடும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். பத்து வருஷத்தில் ஸ்டுட்கார்ட்டில் லூயி லைட்ஸ் அதற்கேற்ற நெம்புகோல் வைத்த ஃபைலைக் கொண்டுவந்தார். நம் ஊர் அலமாரிகளில் நிற்கும் தடிமனான ‘பாக்ஸ் ஃபைல்’ அந்த வம்சம். நல்ல பொருள்தான், ஐரோப்பா இன்றும் அதை விடவில்லை. ஆனால் நடுவில் இருக்கும் ஒரு தாளை எடுக்க மேலே இருப்பதையெல்லாம் புரட்டித் தள்ளி, கம்பியைத் திறக்க வேண்டும் என்ற தொல்லை அதில் தீரவில்லை.

தீர்வு வந்தது வியாபாரிகளிடமிருந்து அல்ல. நூலகத்திலிருந்து வந்தது.

நூலகக்காரர்களுக்கு இந்தப் பிரச்சினை பழசு. பட்டியல் புத்தகமாகத் தைத்துவிட்டால் புதிய நூலை அதில் நடுவில் எங்கே சேர்ப்பது? பிரெஞ்சுப் புரட்சியின்போது திருச்சபைகளிடமிருந்து கைப்பற்றிய லட்சக்கணக்கான புத்தகங்களுக்கு நாடு முழுவதற்கும் ஒரே பட்டியல் போட அரசாங்கம் 1791-ல் உத்தரவிட்டது. கையில் கிடைத்த மலிவான கெட்டி அட்டை சீட்டுக்கட்டு. அன்றைய சீட்டுகளுக்குப் பின்புறம் வெறுமையாக இருக்கும். அதில் ஒரு நூலுக்கு ஒரு சீட்டு என்று எழுதி, அகர வரிசையில் அடுக்கி, கீழ் இடது மூலையில் ஊசி நூல் கோத்து பாரீசுக்கு அனுப்பச் சொன்னார்கள். திட்டம் முழுமையடையவில்லை. ஒரு விஷயத்துக்கு ஓர் அட்டை, அட்டையை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம் என்ற யோசனை மட்டும் நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அந்த அட்டைகள் நூலின் கட்டிலிருந்து விடுபட்டு, இழுப்பறைக்குள் விளிம்பில் நிற்கத் தொடங்கின.

இங்கேதான் மெல்வில் டியூயி வருகிறார். புத்தகங்களுக்கு எண் கொடுக்கும் தசாம்சப் பகுப்பு முறையை 1876-ல் வெளியிட்டவர். ஆங்கிலச் சொற்களின் எழுத்துக்கூட்டு வீண் வேலை என்று தன் பெயரையே கொஞ்ச காலம் சுருக்கி எழுதியவர். மெட்ரிக் அளவின் பக்தர். நேரம், மை, மூச்சு எதையும் வீணாக்கக்கூடாது என்ற வெறி அவருக்கு. நல்ல மனிதரா என்றால், இல்லை. பெண்களிடம் தவறாக நடந்த புகார்கள், யூதர்களையும் கறுப்பர்களையும் தன் விடுதியில் சேர்க்காத பிடிவாதம் எல்லாம் சேர்ந்து, 2019-ல் அமெரிக்க நூலகச் சங்கம் தன் உயரிய பதக்கத்திலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டது. ஆனால் அவர் தொடங்கிய ‘லைப்ரரி பீரோ’ என்ற கம்பெனி இல்லாமல் இந்தக் கதை இல்லை. நூலகங்களுக்கு அட்டை, இழுப்பறை, மேசை விற்கும் கம்பெனி அது. அட்டையின் அளவு 7.5-க்கு 12.5 சென்டிமீட்டர் என்று தீர்மானித்து, எந்த ஊர் நூலகத்து அட்டையும் எந்த ஊர் இழுப்பறையிலும் பொருந்தும்படி செய்தார்கள். நூலகங்கள் ஏழைகள்; வாங்கும் சக்தி குறைவு. ஆகவே வங்கிகளுக்கும் காப்பீட்டுக் கம்பெனிகளுக்கும் அதே அட்டை முறையை விற்கப் போனார்கள். வாடிக்கையாளருக்கு ஓர் அட்டை, பாலிசிக்கு ஓர் அட்டை. வியாபாரிகளுக்குப் பிடித்துவிட்டது.

அடுத்த படியை எடுத்தது ஒரு தர்ம ஸ்தாபனம் என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம். நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரத்தில் 1877-லிருந்தே ஏழைக் குடும்பங்களுக்கு வரும் உதவிகளை ஒருங்கிணைக்கும் சங்கம் ஒன்று இருந்தது. ஒரு குடும்பத்தைப் பற்றிய விசாரணை, பரிந்துரைக் கடிதம், கொடுத்த உதவி எல்லாவற்றையும் பதிந்து வைப்பது அதன் வேலை. அங்கே ஒரு குடும்பத்தின் காகிதங்கள் தேதி வாரியாகச் சிதறிக் கிடந்தால் உதவி போய்ச் சேராது, அல்லது இரண்டு முறை போய்ச் சேரும். சங்கத்தின் செயலாளர் நத்தேனியல் ரோசனாவ் 1892-வாக்கில் ஒரு சின்னக் கேள்வி கேட்டார். அட்டை விளிம்பில் நிற்கிறதே, கடிதம் ஏன் அப்படி நிற்கக்கூடாது? அட்டை கெட்டியாக இருப்பதால் நிற்கிறது, கடிதம் துவளும். சரி, கடிதங்களை ஒரு மடித்த அட்டைக்குள் வைத்து நிறுத்தினால்? லைப்ரரி பீரோ அதற்கேற்ற பெரிய இழுப்பறைகளைச் செய்தது.

1893-ல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தது. தமிழர்களுக்கு அந்த வருஷத்துச் சிகாகோ என்றால் விவேகானந்தர்தான். சென்னையில் அளசிங்கப் பெருமாள் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டி அனுப்பிய துறவி, செப்டம்பர் 11 அன்று சர்வ சமய சபையில் பேசியது அந்தக் கண்காட்சியை ஒட்டி நடந்த மாநாட்டில். அதே கண்காட்சியில், யாரும் கைதட்டி ஆரவாரிக்காத ஒரு மூலையில், காகிதத்தை நிறுத்தி வைக்கும் இழுப்பறையும் காட்சிக்கு இருந்தது. அதற்கு ஒரு பதக்கம் கிடைத்தது.

அந்த இழுப்பறைக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம். இரண்டு அடிக்கு மேல் ஆழம். உள்ளே நிறைய காகிதம் இருந்தாலும் ஒரு விரலால் இழுக்கும்படி அடியில் உருளை. முன்னே அகர வரிசைப்படி கெட்டி அட்டைகள், அவற்றின் தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் காது. ‘அ’ ஒரு காது, அதற்குச் சற்று வலப்புறம் தள்ளி ‘ஆ’, இன்னும் தள்ளி ‘இ’. ஒன்றையொன்று மறைக்காது என்பதால் மேலிருந்து பார்த்த மாத்திரத்தில் எல்லாப் பெயரும் தெரியும். அட்டைகளுக்குப் பின்னால் ஃபோல்டர்கள். ஃபோல்டரின் பின்பக்கம் முன்பக்கத்தைவிட அரை விரல் உயரம். அந்த உயரத்தில்தான் பெயர் எழுதுவது. எல்லாவற்றுக்கும் பின்னால் நகர்த்தக்கூடிய ஒரு தடுப்புப் பலகை இருக்கும். காகிதம் குறைவாக இருக்கும்போது அது முன்னே வந்து, சாய்ந்து துவண்டுவிடாமல் தாங்கிப் பிடிக்கும். நடுவில் எதையாவது எடுக்க வேண்டுமானால் இரண்டு கையால் விலக்கினால் போதும், மேலே இருப்பதைத் தூக்க வேண்டியதில்லை. ஏனென்றால் மேலே ஒன்றும் இல்லை.

ஃபோல்டரின் மஞ்சள் நிறத்துக்கும் ஒரு கதை உண்டு. பிலிப்பைன்ஸில் விளையும் அபாக்கா என்ற வாழை இன நாரிலிருந்து கப்பல் கயிறு திரிப்பார்கள். மணிலாவிலிருந்து ஏற்றுமதியானதால் மணிலா கயிறு. பழசாகிப்போன அந்தக் கயிற்றைக் கூழாக்கிக் கெட்டித் தாள் செய்வதற்கு 1843-லேயே மாசசூசெட்ஸில் ஹாலிங்ஸ்வொர்த் சகோதரர்கள் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். வெளுக்காத நாரின் நிறம் அந்த மஞ்சள். இன்றைய ஃபோல்டர்கள் மரக்கூழில் செய்தவை, சாயம் போட்டு மஞ்சளாக்குகிறார்கள்.

உண்மையில் இழுப்பறையைவிட முக்கியமான மாற்றம் ஃபோல்டருக்குள் நடந்தது. தட்டச்சு எந்திரத்தோடு கார்பன் தாளும் பெருகியதால் பதில் கடிதத்தின் நகல் இப்போது தனித் தாளாகக் கிடைத்தது. நகல் புத்தகத்திலிருந்து விடுதலை. வந்த கடிதத்தின் பின்னாலேயே நாம் எழுதிய பதிலின் நகலை வைக்கலாம், அதன் பின்னால் அவருடைய மறுமொழியை வைக்கலாம். ஃபோல்டரைத் திறந்தால் விவகாரம் முழுவதும் ஒரு கதையாகப் படிக்கக் கிடைக்கும். இதை எல்லோரும் உடனே ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். நகல் புத்தகத்தில் கையெழுத்தும் சேர்ந்து பதியும், பக்கத்தைப் பின்னால் நுழைக்க முடியாது, ஆகவே கோர்ட்டில் நிற்கும். கார்பன் நகலை யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் அடித்து வைத்துக்கொள்ளலாமே என்று பழைய ஆட்கள் தயங்கினார்கள். தயக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. வசதி ஜெயித்தது.

இதற்கு இன்னொரு சொந்தக்காரரும் உண்டு. தென் கரோலினாவின் கொலம்பியா நகரத்தில் காப்பீட்டுத் தொழில் செய்த எட்வின் சீபல்ஸ் என்ற இளைஞர், 1898-ல் மடித்த கடிதங்களோடு போராடிச் சலித்து, பெரிய உறைகளை இழுப்பறையில் நிறுத்தி வைக்கும் பெட்டிகளைச் செய்வித்தார். காப்புரிமை கிடைக்கவில்லை. அமெரிக்காவில் பல புத்தகங்கள் இன்றும் அவரையே கண்டுபிடிப்பாளர் என்கின்றன. அவர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரே பல்வலி பல ஊரில் இருந்தால் ஒரே மருந்தைப் பலர் கண்டுபிடிப்பார்கள். சிகாகோ பதக்கம் ஐந்து வருஷம் முந்தியது என்பது மட்டும் கணக்கு.

அப்புறம் பரவியது வேகமாக. அமெரிக்க வெளியுறவுத் துறை 1910-ல் தன் ஆவணங்களைப் பொருள் வாரியாக தசாம்ச எண் கொடுத்து வைக்கத் தொடங்கியது, டியூயியின் வழிதான். ஜனாதிபதி டாஃப்ட் அமைத்த சிக்கன ஆணையம், அரசு அலுவலகங்கள் கடிதங்களை மடித்துக் கட்டுவதை விட்டு விரித்த தாளாக வைக்க வேண்டும் என்றது. நான்கு இழுப்பறை ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் அலமாரி மரத்திலிருந்து இரும்புக்கு மாறியது. தீ விபத்துகளுக்குப் பயந்த உயரமான கட்டடங்கள் மரத்தை விரும்பவில்லை. 1912-ல் மிச்சிகனில் தொடங்கிய மெட்டல் ஆஃபீஸ் ஃபர்னிச்சர் கம்பெனி, இன்று ஸ்டீல்கேஸ் என்ற பெயரில் இருப்பது, அந்த அலையில் வந்தது.

மேசையும் மாறியது. 1915-ல் நியூயார்க்கின் ஈக்விட்டபிள் காப்பீட்டுக் கம்பெனிக்காகத் தட்டையான ஒரு மேசை தயாரானது. மேலே பொந்து கிடையாது, மூடி கிடையாது. காகிதம் தங்குகிற இடம் மேசை இல்லை, பொது அலமாரி என்று ஆகிவிட்ட பிறகு, கையில் இருக்கிற விவகாரத்தின் ஃபோல்டர் மட்டும் மேசைக்கு வரும். முடிந்ததும் போகும். மேசையைக் காலியாக வைத்துக்கொள், ஒரு நேரத்தில் ஒரு வேலையைப் பார் என்று இன்று நிர்வாகப் புத்தகங்கள் சொல்கிற புத்திமதிக்குப் பின்னால் இந்த மர, இரும்புச் சாமான்கள் இருக்கின்றன. மன உறுதியால் வந்த கவனம் அல்ல அது. வேறு எதுவும் கண்ணில் படாததால் வந்த கவனம்.

லாபம் எல்லோருக்கும் ஒரே மாதிரி வரவில்லை. தலைமைக் குமாஸ்தாவின் மண்டையிலிருந்த வரைபடம் இழுப்பறைக் காதுகளில் ஏறிவிட்டதால் அவருடைய மவுசு போனது. ஃபைல் பார்க்கும் வேலைக்குப் பெண்களை எடுத்தார்கள். அவர்களுக்குத்தான் விரல் நயம் உண்டு என்று கம்பெனி விளம்பரங்கள் புகழ்ந்தன. சம்பளத்தில் அந்தப் புகழ்ச்சி இறங்கவில்லை. அந்த வேலையைக் கற்றுத்தரவே தனிப் பள்ளிகள் இருந்தன. எந்தச் சொல்லின் கீழ் எந்தக் கடிதத்தைப் போடுவது என்று ஒரு நாளைக்கு நூறு முறை தீர்மானிக்கிற வேலையை ‘எடுபிடி’ என்று கணக்கில் வைத்தது இருபதாம் நூற்றாண்டின் பெரிய கஞ்சத்தனங்களில் ஒன்று என்பேன்.

நம் ஊருக்கு வருவோம். கேள்வியையும் பதிலையும் ஒன்றுசேர்க்கிற வித்தை நம் அரசு அலுவலகங்களுக்குப் புதிதல்ல. தாளின் மூலையில் துளை போட்டு, முனையில் தகரம் வைத்த டேக் கோத்துக் கட்டிவிட்டால் அது நடப்புக் கோப்பு. அதன்மேல் அதிகாரிகள் எழுதும் குறிப்புகள் தனியே குறிப்புக் கோப்பு. எல்லாவற்றுக்கும் ஒரே ந.க. எண். அரசுக் கடிதத்தின் தலையில் ‘பார்வை’ என்று போட்டு முந்தைய கடிதங்களின் எண்ணையும் தேதியையும் வரிசையாக எழுதுகிறார்களே, அதைப் பிடித்துக்கொண்டு பத்து வருஷக் கதையைத் திரும்பிப் பின்னால் நடந்துவிடலாம். அருமையான முறை. காட்ரெஜ் 1923-லிருந்து இரும்பு பீரோ செய்கிறது. இரும்பு அலமாரிக்கும் பஞ்சமில்லை.

ஆனால் நம் ஃபைல் எழுந்து நிற்கவில்லை. இன்றும் படுத்துத்தான் இருக்கிறது. மேசைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக, ரேக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக, பதிவறையில் துணியில் கட்டி ஒன்றன்மேல் ஒன்றாக. படுத்திருக்கும் அடுக்குக்கு ஒரு குணம் உண்டு. அதற்கு மேல் என்றும் அடி என்றும் உண்டு. “சார், என் ஃபைல் அடியில போயிடுச்சுங்க, கொஞ்சம் மேல எடுத்து வைக்கச் சொல்லுங்க” என்று வாசலில் நிற்கும் மனுதாரர் கெஞ்சுவதும், ஃபைல் ‘நகர்வதற்கு’ வழி தேடுவதும் அந்த அடுக்கின் விளைவு. அங்கே கடைசியாக வந்தது முதலில் இருக்கும், முதலில் வந்தது மூச்சுமுட்டிக் கிடக்கும். நிறுத்தி வைத்த ஃபைல்களுக்கு அடி என்று ஒன்று கிடையாது. இருபதாவதும் இரண்டாவதும் ஒரே தூரம். லஞ்சத்துக்குக் காரணம் தளவாடம்தான் என்று சொல்ல வரவில்லை, ஆனால் அடுக்கி வைப்பது அதற்குத் தோதாக இருக்கிறது.

கணினி வந்தபோது இழுப்பறையைத்தான் படமாக வரைந்தார்கள். ஜெராக்ஸ் கம்பெனி 1981-ல் வெளியிட்ட ஸ்டார் கணினியின் திரையில் ஃபோல்டர், ஃபைல் அலமாரி, கடிதம் வந்து விழும் தட்டு, அனுப்பும் தட்டு எல்லாம் குட்டிக் குட்டிப் படங்களாக இருந்தன. அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள் மிரளாமல் இருக்கத் தெரிந்த சாமானையே காட்டினார்கள். பிறகு வந்த கணினிகள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் அந்த வழிதான். மணிலா கயிற்றின் மஞ்சளும் அட்டையின் காதும் திரையில் அப்படியே இருக்கின்றன.

அதோடு, அந்த இரண்டு தட்டுகளும் வந்துவிட்டன. மின்னஞ்சலில் வந்த கடிதம் ஒரு பெட்டி, அனுப்பிய கடிதம் இன்னொரு பெட்டி, இரண்டும் தேதி வரிசையில். ரோசனாவ் அவிழ்த்த முடிச்சை நாமே மறுபடி போட்டுக்கொண்டோம். ஒரு விவகாரத்தின் முழுக் கதையும் வேண்டுமானால் இரண்டு பெட்டியிலும் தேட வேண்டும், 1880-களின் குமாஸ்தாவைப் போல. பெரும்பான்மை அலுவலகங்கள் பல வருஷம் இப்படித்தான் ஓடின. 2004 ஏப்ரல் 1 அன்று வந்த ஜிமெயில், கேள்வியையும் பதிலையும் ஒரே இழையில் சேர்த்துக் காட்டியபோது எல்லோரும் புதுமை என்றார்கள். சிகாகோவில் அதற்கு முன்பே ஒரு பதக்கம் கொடுத்தாகிவிட்டது. இப்போது அலுவலக வேலையில் பாதி வாட்ஸ்அப் குழுக்களில் நடக்கிறது. அங்கே மறுபடி எல்லாம் தேதி வாரிதான். ஒப்பந்தத் தொகை, பிறந்தநாள் வாழ்த்து, விடுமுறைக் கோரிக்கை, மீம் எல்லாம் ஒரே நகல் புத்தகத்தில், முன்பக்கப் பெயர்ப் பட்டியல்கூட இல்லாமல்.

டியூயியின் லைப்ரரி பீரோ என்ன ஆனது என்று கேட்பவர்களுக்கு: 1920-களில் அதை, அட்டைப் பதிவு முறைகளை விற்ற ராண்ட் குடும்பத்தின் கம்பெனி வாங்கியது. அந்தக் கம்பெனி 1927-ல் தட்டச்சு எந்திரம் செய்த ரெமிங்டனோடு சேர்ந்து ரெமிங்டன் ராண்ட் ஆனது. ஃபைல் அலமாரியும் தட்டச்சும் ஒரே கூரையின் கீழ் வந்தன. அந்த ரெமிங்டன் ராண்ட்தான் 1951-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறைக்கு யுனிவாக் என்ற கணினியை ஒப்படைத்தது. அமெரிக்காவில் விற்பனைக்கென்று செய்த முதல் பெரிய கணினிகளில் ஒன்று அது.